தண்ணீர் தேறிய ஊர்

தண்ணீர் மாதிரி எடுக்கும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களிடம் ஒரு நாள் வந்து பேச முடியுமா என்று அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். நாலு பேர் முன்னால் நின்று பேச எனக்கு வராது. எழுதித் தருகிறேன் என்றேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

பாட்டிலை எப்படிப் பிடிப்பது, எப்படி வைப்பது என்பதெல்லாம் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். அதில் நான் சேர்க்க ஒன்றும் இல்லை. முழங்கால் போனதால் வயதுக்கு முன்பே ஓய்வு வாங்கிக்கொண்டு சாரம் பகுதியில் வீட்டோடு இருக்கிறேன். சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒரே ஒரு ஊர்தான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது. அந்த ஊரில் நான் பாட்டிலைச் சரியாக நிரப்பினேன். மற்றதையெல்லாம் தவறாகச் செய்தேன்.

மூலக்குளம் தாண்டி வில்லியனூர் சாலையில் போனால் ஒரு மண் சாலை பிரியும். ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே வயல்களுக்கு நடுவில் கொம்யூன் பஞ்சாயத்தின் குடிநீர் போர்வெல் இருக்கிறது. ஊருக்கும், சாலையோரம் புதிதாக எழும்பிய இரண்டு நகர்களுக்கும் அதிலிருந்துதான் தண்ணீர் போகிறது. மோட்டார் அறையைச் சுற்றி ஒன்பது பேர் பயிர் செய்கிறார்கள். மணல் கலந்த மண். வயலில் போடும் யூரியாவில் பயிர் எடுத்துக்கொண்டது போக மிச்சம் மழையோடு கீழே இறங்கி, நைட்ரேட்டாக மாறி, போர்வெல்லில் சேர்ந்துவிடும். அதற்கு நிறம் இல்லை, வாசம் இல்லை, நாக்குக்கும் தெரியாது. பெரியவர்கள் குடித்துவிட்டு நடமாடிக்கொண்டிருப்பார்கள். கைக்குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால் மாவு கரைத்துக் கொடுத்தால்தான் ஆபத்து, உடம்பு நீலம் பாய்ந்துவிடும், காய்ச்சினாலும் அது போகாது என்று ஆய்வகத்து அம்மா எனக்குச் சொல்லியிருக்கிறார்.

அந்த போர்வெல்லில் நைட்ரேட் குடிநீருக்கான எல்லையைத் தாண்டியபோது எங்கள் துறை ஒரு திட்டம் கொண்டுவந்தது. குடிநீர்க் கிணற்றைச் சுற்றிப் பயிர் செய்பவர்களுக்கு ஆடியில் பசுந்தாள் உரத்துக்காகத் தக்கைப்பூண்டு விதை கொடுப்பார்கள். அதை வளர்த்து மடக்கி உழுதுவிட்டு அப்புறம் சம்பா நடவேண்டும். யூரியாவைப் பாதியாகக் குறைக்க வேண்டும். ஐப்பசி மழை ஓயும் வரை அதையும் தொடக் கூடாது. இதனால் மகசூல் குறைந்தால் அரசு ஈடு கொடுக்கும். நல்ல திட்டம். ஒன்பது பேரும் ஒத்துக்கொண்டார்கள். மூன்று வருடத்தில் தண்ணீர் தேறத் தொடங்கியது.

திட்டத்துக்கான ஆணையின் கடைசிப் பக்கத்தில் ஒரு விதி இருந்தது. தொடர்ந்து இரண்டு சோதனைகளில் நைட்ரேட் எல்லைக்குக் கீழே வந்துவிட்டால், அந்த ஊர் தேறிவிட்டது என்று பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். அந்த உதவி வேறொரு கெட்ட கிணற்றுக்குப் போகும். படித்தால் நியாயமாகத்தான் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

முதல் சோதனை எல்லைக்குக் கீழே வந்துவிட்டது. இரண்டாவதற்காக நான் போனது சித்திரை மாதம், காலை நேரம். மோட்டார் அறை வாசலில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். வழக்கமாக அங்கே ஒரு நாய் மட்டும்தான் இருக்கும்.

"இன்னா பாட்டில்காரரே, எங்க தலையெழுத்த ரொப்பிக்கினு போவ வந்துட்டியா?" என்றார் ராஜாம்பாள். போர்வெல்லுக்குத் தெற்கே அரைக் காணி வைத்திருப்பவர். அவர் வாய்க்கு ஊரே பயப்படும். நான் வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டேன்.

தனக்கோடி முன்னால் வந்தார். போர்வெல்லை ஒட்டினாற்போல் இரண்டு காணி அவருடையது. சொந்தம் இல்லை, குத்தகை. அறுப்பு முடிந்ததும் நிலத்துக்காரருக்கு இத்தனை மூட்டை என்று அளந்தாக வேண்டும். வயல் விளைந்தாலும் விளையாவிட்டாலும் அந்த மூட்டை குறையாது.

"தம்பி, போன தடவ நல்லா இருக்குதுன்னு வந்துச்சாமே?"

"ஆமாண்ணே."

"இந்தத் தடவயும் நல்லா வந்தா?"

"பட்டியல்ல இருந்து எடுத்துருவாங்க."

"எடுத்துட்டா?"

நான் பாட்டில் மூடியைத் திருகத் தொடங்கினேன்.

"நானே சொல்றேன். வெத வராது. மகசூல் கொறஞ்சா ஈடு வராது. நெலத்துக்காரரு ஒரு மூட்டையக் கூட வுட மாட்டாரு. அப்ப நான் இன்னா பண்ணுவேன்? பழையபடி யூரியாதான். எனக்குன்னு இல்ல, ஒம்போது பேருக்கும் அதான் வழி."

"ஒரு சிட்டிக யூரியாவ அந்த பாட்டில்லயே போட்டுடுங்கப்பா" என்றார் ராஜாம்பாள். "வயலுக்கு மூட்ட மூட்டயா கொட்றதுக்கு அது செலவு கம்மி."

எல்லாரும் சிரித்தார்கள். தனக்கோடி மட்டும் சிரிக்கவில்லை. வயல் கோடியில் இருந்த மாட்டுக் கொட்டாயைக் காட்டினார்.

"அந்தக் கொட்டாவுக்குப் பின்னால என் கெணறு ஒண்ணு இருக்குது. எருக்குழி ஓரம். அந்தத் தண்ணியப் புடிச்சிக்கினு போ. அதுவும் இந்த ஊருத் தண்ணிதான?"

"அண்ணே, குடிக்கற தண்ணியத்தான் எடுக்கணும்."

"குடிக்கற தண்ணிக்காகத்தான் நானும் சொல்றேன். எம்பொண்ணு முழுகாம இருக்குது தம்பி. பிரசவம் இங்கதான். அந்தக் கொழந்த இந்தக் கொழாத் தண்ணியத்தான் குடிக்கப் போவுது. தண்ணி நல்லா இருக்கணும்னுதான் கெட்டுப் போச்சுன்னு காட்டச் சொல்றேன். இதுல தப்பு எங்க இருக்குது? நீ சொல்லு."

தப்பு எங்கே இருக்கிறது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பாட்டிலில் பொய்த் தண்ணீர் போகக் கூடாது என்பது தெரியும். அதை அத்தனை முகங்களுக்கு முன்னால் சொல்ல வாய் வரவில்லை. மோட்டார் அறையில் ஒரு பாட்டில் பிடித்தேன். பிறகு தனக்கோடியோடு கொட்டாய் வரை நடந்து போய், அவர் இறைத்துக் கொடுத்த தண்ணீரில் இன்னொரு பாட்டிலும் பிடித்தேன். அவர் என் தோளைத் தட்டி, மோர் கொடுத்து அனுப்பினார். அந்த மோரை நான் குடித்தேன்.

மூலக்குளத்தில் டீக்கடை ஓரம் வண்டியை நிறுத்தினேன். ஐஸ் பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். பாட்டிலில் ஒட்டும் சீட்டு இரண்டிலும் இன்னும் எழுதவில்லை. எதை எங்கே ஒட்டினாலும் கேட்க ஆள் இல்லை. ஒரு கிணறு பொய் சொன்னால் ஒரு ஊர் பிழைக்கும் என்று மனசு சொன்னது. மாதாமாதம் இதே வேலையாகச் சுற்றுகிறோமே, ஒரு சீட்டு மாறினால் அப்புறம் எந்தச் சீட்டை யார் நம்புவார் என்றும் அதே மனசு சொன்னது. கடைசியில் எது எந்தத் தண்ணீரோ அப்படியே எழுதி, இரண்டையும் ஆய்வகத்துக்குக் கொண்டுபோனேன்.

"என்னண்ணே, ஒரு ஊருக்கு ரெண்டு பாட்டிலா?" என்றார் ஆய்வகத்து அம்மா. என்னைவிட வயதில் இளையவர். படித்த பெரிய வேலையில் இருப்பவர். அவரிடம் நடந்ததைச் சொல்லிவிட்டேன். அவர் முழுவதும் கேட்டார். யூரியா சிட்டிகை என்றதும் சிரித்துவிட்டார்.

"அத போட்டிருந்தா என் மெஷின்ல ஒண்ணுமே காட்டியிருக்காது. மண்ணுக்குள்ள போய் மாறினாத்தான் அது நைட்ரேட்." பிறகு கொட்டாய்க் கிணற்றுப் பாட்டிலை எடுத்துக் கழுவும் தொட்டியில் கவிழ்த்தார். "ஆணையில கேட்டிருக்கறது போர்வெல் தண்ணி. நான் அத மட்டும்தான் பாக்க முடியும். ஆனா அவங்க சொல்றது நியாயம்ணே. கூட்டத்துல யாராவது சொல்லணும்."

"நீங்களே எழுதிக் குடுத்துருங்கம்மா."

"நான் அளவு எழுதுவேன். அடுத்த ஐப்பசியில அவங்க யூரியா போடப் போறாங்கன்னு நான் எப்படி எழுதறது? என் காதுல விழலையே. கேட்டது நீங்கதானே?"

அளவு எல்லைக்குக் கீழே வந்தது. கூட்டம் வைகாசியில் நடந்தது. பெரிய அதிகாரி, வேளாண் அலுவலர்கள், கொம்யூனிலிருந்து இரண்டு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். கூட்ட நாளில் டீ கொடுப்பதும் என் வேலைதான் என்பதால் நான் கதவோரம் தட்டுடன் நின்றேன். அதிகாரி பட்டியலை வாசித்துக்கொண்டு வந்து, "இந்த ஊர் தேறிடுச்சு, நல்ல செய்தி" என்றார். இரண்டு பேர் கை தட்டினார்கள். "வேற யாருக்காவது சொல்ல ஏதாவது இருக்கா?" என்று கேட்டுவிட்டு அறையைச் சுற்றிப் பார்த்தார். அவர் கண் என் மீதும் பட்டுப் போனது.

சொல்ல வேண்டியது நாலு வரிதான். நடந்து வரும்போது மனப்பாடம் செய்திருந்தேன். அஞ்சாங்கிளாஸ் படித்தவன் ஆணையில் குறை சொல்வதா என்று ஒரு கூச்சம். சொன்னால் கொட்டாய்க் கிணற்றுக் கதையும் வெளியே வருமே என்று ஒரு பயம். காலி டம்ளர்களை எடுக்கத் தொடங்கினேன். அதிகாரி அடுத்த ஊருக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு தை மாதம் வரை அந்த ஊருக்கு எனக்கு வேலை இல்லை. வேலை இல்லை என்பதில் எனக்கு நிம்மதியாகவும் இருந்தது. ஆடியில் அங்கே தக்கைப்பூண்டு விதை போகவில்லை. ஐப்பசியில் நல்ல மழை.

தையில் போனபோது மோட்டார் அறையில் யாரும் இல்லை. பாட்டிலைப் பிடித்துக்கொண்டு திரும்பினேன். தனக்கோடி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். பின் கேரியரில் தண்ணீர் கேன் கட்டியிருந்தது.

"பொண்ணுக்கு ஆண் கொழந்த" என்றார். "கார்த்திகையில பொறந்துச்சு. பாலு பத்தல. புட்டிப்பால்தான். மூலக்குளத்துல இருந்து கேன் வாங்கியாறேன்."

"யாராவது சொன்னாங்களாண்ணே, இந்தத் தண்ணி வேணாம்னு?"

"யாரு சொல்லணும்? என் வயல்ல நான் கொட்டுனது எனக்குத் தெரியாதா?"

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். கேனைக் கட்டியிருந்த கயிற்றை இறுக்கிக்கொண்டே பேசினார்.

"நீ கொட்டா தண்ணியக் குடுக்கல."

"குடுக்கலண்ணே."

"அது தப்பில்ல. உன் வேல அது. அன்னிக்கே முடியாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லியிருந்தா, ஒம்போது பேரும் வண்டியேறி உங்க ஆபீசு வாசல்ல வந்து நின்னிருப்போம். நீ பாத்துக்குவன்னு வூட்டுல உக்காந்துட்டோம். என் கூடவே நடந்து வந்து ரொப்புன பாரு, அதான் தம்பி."

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

அதுவரை நான் ஒரு விஷயத்தை நினைத்துப் பார்த்ததே இல்லை. பொய்த் தண்ணீரைக் கொடுக்காததால் நான் நேர்மையானவன் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அவர்கள் முன்னால் இன்னொரு பாட்டிலை நிரப்பியதே ஒரு பொய். ஆய்வகத்துக்குச் சொல்லாத பொய்யை அந்த ஒன்பது பேருக்குச் சொல்லியிருக்கிறேன். வேலையில் கை சுத்தமாக இருந்தது. வாயைத் திறக்காததால் அவர்கள் அலுவலகத்துக்கு வந்து கேட்கும் வழியையும் அடைத்துவிட்டேன். மறுக்க வேண்டியதை அவர்கள் முகத்துக்கு நேரே மறுத்திருக்க வேண்டும். சொல்ல வேண்டியதை அதிகாரி முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டும். இரண்டு இடத்திலும் கூச்சம்தான் முன்னால் வந்து நின்றது.

நைட்ரேட் மறுபடியும் எல்லையைத் தாண்டியிருந்தது. அடுத்த கூட்டத்தில் அதே அதிகாரி காகிதத்தைப் பார்த்துவிட்டு, "தேறின ஊர்தானே இது? எப்படிக் கெட்டுச்சு?" என்று கேட்டார். மழை அதிகம் என்றார் ஒருவர். புதிய நகர்களின் கழிவுநீராக இருக்கலாம் என்றார் இன்னொருவர். அதுவும் கொஞ்சம் உண்மையாக இருக்கலாம்.

"நம்மாலதான் சார்" என்று ஒரு குரல் கேட்டது. அது என்னுடையதுதான். டீ தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு பேசினேன். "பட்டியல்ல இருந்து எடுத்ததால மறுபடியும் யூரியா போட்டுட்டாங்க. தண்ணி கெட்டாத்தான் குடுப்போம்னா, தேறிடுமோன்னு அவங்க பயப்படுறாங்க சார். நல்லா வெச்சிருக்கறவங்களுக்கு, வெச்சிருக்கற வரைக்கும் குடுங்க."

அதிகாரி என்னைப் பார்த்தார்.

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

"போன சித்திரையிலயே தெரியும் சார்."

"போன கூட்டத்துல நீ இங்கதான இருந்த. ஏன் சொல்லல?"

"டீ குடுத்துக்கிட்டிருந்தேன் சார்."

யாரோ சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. தட்டைக் கீழே வைக்கச் சொல்லி, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, முதலிலிருந்து சொல்லச் சொன்னார். கொட்டாய்க் கிணறு வரைக்கும் சொன்னேன். அவரே எழுதினார். எழுதி முடித்ததும் எனக்கு வாசித்துக் காட்டி, சரியா என்று கேட்டார்.

விதி மாற இரண்டு ஐப்பசி ஆனது. இப்போது இருக்கும் ஆணையில், கிணற்றைச் சுற்றிப் பயிர் செய்பவர்களுக்குத் தண்ணீர் தேறிய பிறகும் வருடாவருடம் உதவி உண்டு. அளவு ஏறினால் உடனே நிறுத்துவதில்லை. ஏன் ஏறியது என்று ஊருக்குப் போய்க் கேட்டுவிட்டுத்தான் எதுவும் முடிவு செய்கிறார்கள். குத்தகைக்காரருக்கும் அவர் பெயரிலேயே கிடைக்கிறது. பெரிய படிப்புப் படித்தவர்கள் உட்கார்ந்து யோசித்து எழுதியது. ஆனால் பழைய விதி எந்த இடத்தில் இடிக்கிறது என்று முதலில் தெரிந்தது அவர்களுக்கு இல்லை. மோட்டார் அறை வாசலில் பாட்டிலோடு நிற்பவனுக்குத்தான் தெரிந்தது.

அதனால் உங்களுக்கு ஒன்றைச் சொல்வேன். நீங்கள் பாட்டிலை வெளியே எடுக்கும்போது, பக்கத்தில் நிற்கும் விவசாயியின் முகத்தைக் கவனியுங்கள். தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று வந்துவிடுமோ என அவர் கலங்கினால், அவரைத் திட்டாதீர்கள், அவருக்குத் தலையாட்டவும் செய்யாதீர்கள். பாட்டிலை உள்ளபடி நிரப்புங்கள். என்ன நடக்கும் என்பதை அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அன்றைக்கே அலுவலகத்தில் யாரிடமாவது போய், அந்த விதியில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று சொல்லுங்கள். கையில் தட்டு இருந்தாலும் சொல்லலாம்.

ஓய்வுக்கு முந்தைய மாதம் அந்த ஊருக்குக் கடைசியாகப் போனேன். வயலில் தக்கைப்பூண்டு இடுப்பளவு நின்றது. நான் போகும்போதே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தனக்கோடி வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"அர மணி நேரமா ஓடுது. பைப்புல கெடந்த பழைய தண்ணியெல்லாம் போயிருக்கும். இப்ப புடி" என்றார். பிடிக்கும்போது என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டிலை மூடியதும், மூடி சரியாக உட்கார்ந்ததா என்று வாங்கித் திருகிப் பார்த்தார்.

"போன தடவ எவ்ளோ வந்துச்சு?"

"எறங்கிக்கிட்டு வருதுண்ணே. ஆனா இன்னும் எல்லைக்கு மேலதான்." பூமிக்குள் இறங்கியது ஆணை மாறிய வேகத்தில் வெளியேறிவிடாது என்று ஆய்வகத்து அம்மா சொன்னதையும் சொன்னேன்.

"பொண்ணு ரெண்டாவது முழுகாம இருக்குது" என்றார். "இந்தக் கொழந்தைக்காவது கேன் இல்லாம பண்ணலாமான்னு பாக்கறேன்."

"இன்னும் வேணாம்ணே."

தெற்கு வயல் வரப்பில் புல் அறுத்துக்கொண்டிருந்த ராஜாம்பாள் நிமிர்ந்தார். "பொய்யாவாவது சரின்னு சொல்லேன்யா. கேன் தூக்கித் தூக்கி அந்த மனுசனுக்கு முதுவு போச்சு."

"வேணாம்" என்றார் தனக்கோடி. "உள்ளதே சொல்லட்டும்."

அந்த ஊருக்குப் போகும் வேலை இப்போது உங்களில் ஒருவருக்கு வந்திருக்கும். நீங்கள் போய் நிற்கும்போது அவர் மோட்டாரைப் போட்டு வைத்திருப்பார். கேனை நிறுத்தலாமா என்று கேட்பார். என்றைக்காவது ஒரு நாள், நிறுத்தலாம் என்று அவரிடம் சொல்லும் நாள் வரும். அந்த வார்த்தையைச் சொல்லும் பாக்கியம் எனக்குக் கிடைக்கவில்லை, உங்களுக்குக் கிடைக்கட்டும். அளவு எல்லைக்குக் கீழே வருவதற்கு ஒரு நாள் முன்னால்கூட அதைச் சொல்லிவிடாதீர்கள்.